பஃபலோ ஆற்றில் ஓர் இரவு

மீன் பிடிப்பவர்கள் இரு வகையினர். பிடித்த மீனைச் சட்டியில் இடுபவரும் சந்தையில் விற்பவரும் ஒரு வகையினர். பிடித்த மீனை மறு நிமிஷமே தண்ணீரில் விட்டுவிட்டு, அந்தப் பாக்கியத்துக்காக மோட்டார் வண்டிக்கு எண்ணெய் அடித்து, அரசாங்கத்துக்கு அனுமதிப் பணம் கட்டி, நுளம்புக்கடியும் வாங்கிக்கொண்டு, முகமலர்ச்சியோடு வீடு திரும்புகிறவர்கள் மற்றொரு வகையினர். கடற்கரைக் கிராமமொன்றிலே பிறந்து வளர்ந்த எனக்கு முதல் வகையினரோடுதான் நெடுநாட் பழக்கம். விடியற்புறத்தில் வலை இழுக்கும் ஒருவரிடம் சென்று, "பிடித்ததைத் திரும்பக் கடலில் விட்டுவிடுங்கள்" என்று சொன்னால் அவர் என்ன மறுமொழி சொல்வார் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். பத்திரிகையில் அச்சிடுவதற்கு அது ஏற்றதன்று.

இரண்டாம் வகையினரோடு இரண்டு பகலும் ஓர் இரவும் கழிக்கும் வாய்ப்பு சென்ற ஆண்டு மே மாதக் கடைசியில் எனக்குக் கிடைத்தது. என் தங்கையின் மகன் அமெரிக்காவில் ஆர்க்கன்சோ மாநிலத்தில் உத்தியோகம் பார்க்கிறான். நான் அவனிடம் போயிருந்த சமயம், "மாமா, ஆற்றோடு போய் ஒரு இரவு கரையிலே தங்கி மீன் பிடிக்கப் போகிறோம். நீங்களும் வாருங்கோ. உங்களுக்குத் தண்ணீரைக் கண்டால் விருப்பந்தானே?" என்றான். நீர்ப்பாசனத் துறையிலே முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து இளைப்பாறியவன் நான். என் விருப்பமெல்லாம் கட்டி நிறுத்திய தண்ணீரில். ஓடும் ஆற்றைக் கண்டால், எந்த இடத்தில் அணை போடலாம் என்றுதான் என் கண் முதலில் தேடும். அதை அவனிடம் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, "அங்கே வந்து அந்தக் கதையை எடுத்துப்போடாதேயுங்கோ, மாமா" என்றான்.

அவன் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. பஃபலோ ஆறு ஒசார்க் மலைகளில் உற்பத்தியாகி, வளைந்து வளைந்து கிழக்கு நோக்கி ஏறக்குறைய 150 மைல் ஓடி வைற் ஆற்றிலே கலக்கிறது. இந்த 150 மைலிலும் ஓர் அணைதானும் இல்லை. அதன் கடைசி 24 மைலை, அதாவது ரஷ் என்னுமிடத்திலிருந்து முகத்துவாரம் வரையுள்ள பகுதியை நாங்கள் தெரிந்துகொண்டோம். இடையிலே பொது வீதி எதுவும் ஆற்றுக்கு வந்து சேர்வதில்லை. புறப்பட்டால் போய் முடிக்கத்தான் வேண்டும்.

கனூ எனப்படுவது அந்நாட்டுப் பழங்குடி மக்கள் மரப்பட்டையாலும் குடைந்த மரத்தாலும் செய்துவந்த, இருமுனையும் கூரிய ஒடுங்கிய வள்ளம். இக்காலத்தில் அதனை அலுமினியத்தாலும் பிளாஸ்ரிக்காலும் செய்கிறார்கள். பின்னால் இருப்பவர் துடுப்பினால் திசை திருப்ப, முன்னால் இருப்பவர் தூண்டில் வீசுவார். ஆறே வள்ளத்தைச் சுமந்து செல்வதால் வலிக்கும் வேலை அதிகமில்லை. ஆகையால் இந்தப் பிரயாணத்தை 'மிதந்து போதல்' என்றே அழைக்கிறார்கள். நானும் மருமகனும் ஒரு வள்ளத்தில் ஏறினோம். எங்களோடு வந்த மூன்றாமவர் எழுபத்தைந்து வயதைத் தொட்ட ஒரு பெரியவர். மருமகனுக்குத் தூண்டில் வித்தை பழக்கிய அயலவர். அந்த ஆற்றங்கரையிலேயே பிறந்தவர். கூடாரங்களையும் உணவுப் பெட்டியையும் ஏற்றிய மற்றொரு வள்ளத்தில் அவர் தனியே முன்னாற் சென்றார். பேச்சு அவருக்கு அளவோடுதான் வரும்.

ரஷ்ஷில் இன்று குடிசனம் இல்லை. 1880களில் வெள்ளி கிடைக்குமென்று நம்பி அங்கே உலை கட்டினவர்களுக்கு வெள்ளி அகப்படவில்லை, நாகந்தான் அகப்பட்டது. அங்கிருந்து 1893 இல் சிக்காகோ உலகக் கண்காட்சிக்கு அனுப்பப்பட்ட நாகத் தாதுக்கட்டி ஒன்று 12,750 இறாத்தல் நிறையுள்ளது. முதலாம் உலகப் போர்க் காலத்தில் ஊர் பெருகிக் கிடந்தது. போர் முடிந்து நாகத்தின் விலை விழுந்ததும் ஊரும் விழுந்தது. உலையின் கற்சுவரும் சில பலகை வீடுகளின் எலும்புக்கூடுகளும் மரங்களினூடே நிற்பதைப் பார்த்தபடி ஆற்றில் இறங்கினோம்.

சிறிது தூரத்திலேயே, கிளபர் என்னும் ஓடை வந்து சேருமிடத்தில், ஆறு கற்களின் மேல் விழுந்து இரைந்துகொண்டிருந்தது. "மாமா, இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு ஆடாமல் இருங்கோ" என்றான் மருமகன். "தம்பி, நானா ஆடுகிறேன்?" என்று நான் கேட்டு முடிப்பதற்குள் முன்னணியம் தாழ்ந்து எழும்பி, என் மடியில் ஒரு வாளி தண்ணீர் கொட்டி, வள்ளம் அடுத்த மடுவிலே அமைதியாக மிதந்தது. தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. அதை அப்போது நான் பெரிதாக எண்ணவில்லை.

நாங்கள் தேடிச் சென்றது ஸ்மோல்மவுத் பாஸ், அதாவது சிறுவாய்ப் பாஸ் என்னும் மீன். வாய் உண்மையில் அப்படியொன்றும் சிறிதன்று. அதன் உறவினமான பெருவாய்ப் பாஸுக்கு மேல்தாடை கண்ணையும் கடந்து பின்னே செல்லும். இதற்குக் கண்ணளவில் நின்றுவிடும். உடல் வெண்கல நிறம், விலாவிலே மேலிருந்து கீழாக மங்கிய கருங்கோடுகள், கண் சிவப்பு. 1802 இல் இதனை விவரித்தெழுதிய பிரெஞ்சு அறிஞர் லாசெப்பெட்டின் கைக்குக் கிடைத்த மீன், முதுகுச் செட்டை பழுதுபட்டதொன்று. செட்டையின் பின்துண்டு தனியொரு சிறு செட்டை போலத் தோன்றவே, அந்தப் பொருள்படும் பெயரையே வைத்துவிட்டார். ஊனமுற்ற ஒரு மீனின் குறை முழுச் சாதிக்கும் பெயராயிற்று. பெயரின் இரண்டாம் பாதி டொலொமியூ என்னும் கல்லியல் அறிஞருக்கு உரியது. டொலமைற் என்ற பாறைக்கும் அவர் பெயரே. பஃபலோ ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருமருங்கும் செங்குத்தாக எழும் பாறைகளில் டொலமைற் நிறைய உண்டு. பாறைக்கும் அதன் நிழலில் ஒதுங்கும் மீனுக்கும் பெயர் கொடுத்த அந்த மனிதரோ, மீனுக்குப் பெயர் வைப்பதற்கு முந்திய ஆண்டே இறந்துபோனார்.

இந்த மீன் எங்கே நிற்கும் என்பதை அறிவதே வித்தையின் முக்காற்பங்கு. கலங்கிய நீரும் சேற்றுத் தரையும் இதற்கு ஆகா. கல்லும் சரளையும் உள்ள தெளிந்த ஆறு வேண்டும். அதிலும் வேகமாக ஓடும் நீருக்கும் அமைதியான நீருக்கும் இடையேயுள்ள விளிம்பு வேண்டும். பெரிய கல் ஒன்றின் பின்புறத்தில், ஓட்டத்தோடு மல்லுக்கட்டாமல் நின்றுகொண்டு, ஓட்டம் அடித்துவருவதைப் பாய்ந்து கவ்வும். அதற்கு மிகவும் பிரியமான உணவு கிறேபிஷ்; நண்டின் கொடுக்கையும் இறாலின் உடலையும் ஒட்டவைத்தாற்போன்ற நன்னீர்ப் பிராணி. அதன் உருவத்திலே இறப்பரினாற் செய்த பொய்யிரையைக் கல்லின் மேற்புறத்தில் வீசி, தரையில் உருண்டு போகவிட வேண்டும். பெரியவர் தம் தூண்டில் முட்களின் எதிர்முள்ளையெல்லாம் குறட்டினால் நசுக்கி வைத்திருந்தார். கழற்றும்போது மீனின் வாய் கிழியாமலிருப்பதற்காகவாம்.

பத்துப் பதினைந்து முறை வீசிக் கல்லையும் மரவேரையும் பிடித்த பின்னர், நூல் திடீரென்று பக்கவாட்டில் நகர்ந்தது. "மாமா, இழுங்கோ!" என்ற குரல் கேட்டு நான் கோலை உயர்த்தியதும், பதினைந்து முழத்துக்கு அப்பால் ஒரு வெண்கலத் துண்டு தண்ணீரைப் பிளந்துகொண்டு ஆகாயத்தில் எழுந்து, தலையை இரண்டு தடவை உதறி, மீண்டும் விழுந்தது. பிறகு வள்ளத்தின் அடியாற் பாய்ந்து மறுபுறம் போயிற்று. கோல் வில்லாக வளைந்தது. என் மணிக்கட்டு நடுங்கியது. ஒரு பெரிய மாட்டைக் கயிற்றிற் கட்டி வைத்திருப்பவன் போல நான் பாடுபட்டு, கடைசியில் மருமகன் அதன் கீழ்த்தாடையைப் பெருவிரலால் பிடித்துத் தூக்கிக் காட்டியபோது, அது பதின்மூன்று அங்குல நீளமுள்ள ஒரு மீன். நிறை ஓர் இறாத்தலுக்குச் சிறிது மேல் இருக்கலாம். இவ்வளவு சிறிய உடம்பில் இவ்வளவு கோபமா!

"விடட்டுமோ?" என்று அவன் கேட்டான். உண்மையைச் சொன்னால், விட எனக்கு மனமில்லை. மஞ்சளும் மிளகாய்த் தூளும் தடவி அதைப் பொரிப்பதுபோல ஒரு காட்சி மனக்கண்ணில் வந்து போயிற்று. முன்னே காத்திருந்த பெரியவர் திரும்பிப் பார்த்து, "அதற்கு ஐந்து வயதிருக்கும்" என்றார். அந்த மலையாறுகளில் இந்த மீன் மெதுவாகத்தான் வளருமாம். ஓரடி நீளம் வருவதற்கே நாலைந்து வருஷம் செல்லும். நான் தலையசைத்தேன். அது கையை விட்டு நழுவி, வாலை ஒருமுறை அடித்துத் தண்ணீரை என் முகத்தில் தெளித்துவிட்டு மறைந்தது.

மாலைக்குள் பதினொரு மீன் பிடித்தோம். அவற்றில் எனது மூன்று. எனினும் அன்றைய பகலில் என் நெஞ்சில் நிற்பது பிடிக்காமல் விட்ட மீன் ஒன்றுதான். ஓட்டம் தணிந்த ஒரு கரையோரம் பெரியவர் துடுப்பை நிறுத்தி, எங்களையும் நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினார். இடுப்பளவு நீரின் அடியில், சரளைக்கல்லை வட்டமாகக் கூட்டித் துப்புரவாக்கிய ஓர் இடம் தெரிந்தது. அகலம் இரண்டடி இருக்கும். அதற்கு மேலே கரும்புகை போல ஏதோ அசைந்தது. உற்றுப் பார்த்தபோது, ஒவ்வொன்றும் கால் அங்குலமே உள்ள நூற்றுக்கணக்கான கருங்குஞ்சுகள். அவற்றைச் சுற்றி ஒரு பாஸ் மீன் மெல்ல வட்டமிட்டுக்கொண்டிருந்தது. அது ஆண். வசந்த காலத்தில் தண்ணீர் 15, 16 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறியதும், ஆண் மீனே வாலால் விசிறிக் கூடு அமைக்கும். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். முட்டைக்கு நீரோட்டம் படும்படி விசிறுவதும், குஞ்சுகள் கலைந்து செல்லும்வரை காவல் நிற்பதும் தகப்பனுடைய வேலை. அந்நாட்களில் அது இரை தேடிப் போவதில்லை. ஆனால் கூட்டுக்குக் கிட்ட எது வந்தாலும் கடித்துத் துரத்தும். ஆகவே அதனைப் பிடிப்பதைப்போல எளிது வேறில்லை. தூக்கிய சில நிமிஷங்களுக்குள்ளேயே, சுற்றிலும் காத்திருக்கும் சிறு மீன்கள் வந்து கூட்டைச் சூறையாடிவிடுமாம். நாங்கள் துடுப்பைத் தண்ணீரில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டு கடந்து போனோம். அந்த மீன் எங்கள் வள்ளத்தின் நிழலை நோக்கி ஒரு முழம் எதிர்த்து வந்து நின்றது.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் ஆற்றின் வளைவொன்றில் இருந்த சரளை மேட்டிற் கரையேறினோம். கூடாரம் அடிப்பதற்கு முன்னரே பெரியவர் செய்த முதற் காரியம், ஒரு குச்சியைத் தண்ணீர் விளிம்பிலே குத்தி வைத்தது. ஒசார்க் மலைகளின் சரிவு கடுமையானது. எங்கோ மேலே பெய்யும் மழை, இங்கே ஒரு துளியும் விழாமலே ஆற்றை உயர்த்திவிடும். சரளை மேட்டில் உறங்குபவருக்கு அந்தக் குச்சியே காவற்காரன். அதைப் பார்த்ததும் எனக்கு ஊர் நினைவு வந்தது. குளக்கட்டிலும் வாய்க்கால் மதகிலும் நாட்டிய நீர்மட்டக் கோல்களை எத்தனை ஆயிரம் முறை குனிந்து வாசித்திருப்பேன்! என் பேனாக்கத்தியை எடுத்து, அங்குலத்துக்கு ஒன்றாக அந்தக் குச்சியில் வெட்டுப் போட்டேன். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தம் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தை எடுத்து ஏதோ எழுதினார்.

இராப்போசனத்துக்குப் பாஸ் இல்லை. அதன் பக்கத்திலேயே வாழும், கண் பெருத்த 'கொகிள்-ஐ' என்னும் சிறு மீன்கள் ஐந்தாறை மாத்திரம் வைத்திருந்தார்கள். பெரியவர் அவற்றைச் சோள மாவில் புரட்டிப் பன்றி நெய்யிற் பொரித்தார். மருமகன் போத்தலில் கொண்டுவந்த கட்டைச் சம்பலைத் திறந்தான். பெரியவர் விரல் நுனியில் சிறிது தொட்டு வாயில் வைத்துவிட்டு, நெடுநேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நெருப்படியிற்றான் அவர் கதைக்கத் தொடங்கினார். அவருடைய தகப்பனார் வைற் ஆற்றிலே வள்ளக்காரர். ஜோன் வள்ளம் என்று அங்கே சொல்லும் நீண்ட தட்டையான பலகை வள்ளத்தில், நகரத்துக் கனவான்களை ஏற்றிக்கொண்டு, நாட்கணக்கில் ஆற்றோடு மிதந்து சென்று பாஸ் மீன் பிடிக்கச் செய்வதே தொழில். இரவில் கரையிற் சமையல், பகலில் துடுப்பு. ஒசார்க் நாட்டில் அது ஒரு காலத்தில் பெரும் பிழைப்பாக இருந்தது. 1944 இல் நோர்போர்க் அணையும், 1951 இல் புல் ஷோல்ஸ் அணையும் கட்டி முடிந்தன. புல் ஷோல்ஸ் அணையை 1952 ஜூலையில் ஜனாதிபதி ட்றூமனே வந்து திறந்துவைத்தார். வெள்ளம் அடங்கியது, மின்சாரம் வந்தது, பாஸ் மீன் போயிற்று.

போனதன் காரணம் என் தொழிலுக்குள் அடங்கியதாகையால் அதை நானே மருமகனுக்கு விளக்கினேன். ஆழமான நீர்த்தேக்கத்தில் கோடை வெயில் மேற்பரப்பை மாத்திரமே சூடாக்கும். அடித்தண்ணீர் மாரி காலத்துக் குளிரோடு அப்படியே கிடக்கும். மின்பொறிக்குப் போகும் குழாய் ஆழத்திலே வாய் வைத்திருப்பதால், அணைக்குக் கீழே ஆடி மாதத்திலும் பனிக்கட்டி போன்ற தண்ணீரே ஓடும். அதிற் பாஸ் முட்டையிடாது. ஈடாக அரசாங்கம் 1957 இல் ஒரு மீன்குஞ்சுப் பண்ணை வைத்து ட்றவுட் மீனை வளர்த்து விடத் தொடங்கியது. நம் நுவரெலியா ஓடைகளில் வெள்ளைக்காரத் துரைமார் கொண்டுவந்து விட்டார்களே, அதே மீன். குளிர் நீரில் அது செழித்தது. இன்று அதைப் பிடிக்கத் திசைதோறுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். கரையோர ஊர்கள் அதனாலேயே பிழைக்கின்றன. "என் தகப்பனார் சாகும்வரை ட்றவுட்டைச் சட்டியில் போடவில்லை" என்றார் பெரியவர்.

அதே அணைகாரர்கள் பஃபலோ ஆற்றுக்கும் திட்டம் வைத்திருந்தார்கள். நடுவிலே கில்பேட் என்னும் ஊரருகில் ஒன்று. முகத்துவாரத்துக்குச் சற்று மேலே லோன் றொக் என்னுமிடத்தில் மற்றொன்று. வேலையும் விருத்தியும் வருமென்று அணையை விரும்பியவர்களும் அந்தப் பகுதி மக்களே. எதிர்த்தவர்களுக்குத் தலைவராக நின்றவர் நீல் கொம்ப்டன் என்னும் வைத்தியர்; 1962 இல் அவர் தலைமையில் ஒசார்க் சங்கம் தோன்றியது. அதே ஆண்டில் உயர்நீதிமன்றத்து நீதியரசர் வில்லியம் டக்ளஸ் கனூவில் ஏறி இந்த ஆற்றிலே மிதந்தார், பத்திரிகைகள் எழுதின. 1965 இல் மாநில ஆளுநர் ஓர்வல் போபஸ் அணையை எதிர்த்துக் கடிதம் எழுதினார். இவர் யாரெனில், 1957 இல் லிற்றில் றொக் பாடசாலையிற் கறுப்பின மாணவர் நுழையாதபடி படையை நிறுத்தி உலகமெங்கும் பெயர் கெட்டவர். மனிதர்களை நல்லவர், பொல்லாதவர் என்று இரண்டு பெட்டியில் அடைப்பது எவ்வளவு கடினம், பாருங்கள்! முடிவில் 1972 மார்ச் 1 ஆம் திகதி ஜனாதிபதி நிக்சன் ஒப்பமிட, பஃபலோ அந்நாட்டின் முதலாவது தேசிய ஆறு ஆயிற்று. யெலோஸ்ரோன் பூங்கா பிறந்து அன்றோடு சரியாக நூறு வருஷம்.

"நல்ல முடிவு" என்றேன் நான். பெரியவர் ஒரு விறகுக் கட்டையை நெருப்பில் தள்ளினார். "தேசிய ஆற்றுக்கு இரண்டு கரையும் வேண்டுமே" என்றார். கரையிலிருந்த கமங்களை அரசாங்கம் விலைக்கு வாங்கியது. விற்க மனமில்லாதவர் பலருடையதைச் சட்டத்தைக் கொண்டு எடுத்தது. அவர் தகப்பனாரின் கமமும் அப்படிப் போனதுதான். காசு கொடுத்தார்கள், ஆனால் அந்தக் காசுக்கு அப்படியொரு பள்ளத்தாக்கு வேறெங்கும் வாங்கக் கிடைக்கவில்லை. வள்ளத்தை அணை எடுத்தது. வயலை அணையை எதிர்த்தவர்களின் வெற்றி எடுத்தது. "என் தகப்பனார் இரு கட்சியாரையும் ஏசினார். நான் ஒரு கட்சியை மாத்திரம் ஏசுகிறேன். எந்தக் கட்சி என்பது நாளுக்கு நாள் மாறும்" என்று சொல்லி, அன்று முதன்முறையாகச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கம் நிறைந்தபோது பழைய தெல்தெனிய நகரம் தண்ணீருக்குள் போனதைக் கண்டவன் நான். கடைத்தெருவும் கோயில் வாசலும் மெல்ல மெல்ல மறைந்தன. அந்த அணையால் விளக்கு எரிந்தது, வயல் விளைந்தது. நீரில்லாமல் வாடிய பயிரைப் பார்த்தவனுக்கு அணை வேண்டாமென்று சொல்ல நாக்கு எழாது. எனக்கு இன்றும் எழாது. ஆனால் கணக்கெழுதும்போது ஏக்கரையும் மின்சாரத்தையும் எழுதியதுபோல, எழுந்து போனவர்களின் வீட்டு வாசலை எந்த நிரலில் எழுதுவது என்று எவரும் எங்களுக்குப் பழக்கவில்லை. அந்தப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர், "தண்ணீர் வற்றும்போது அந்த ஊர் தெரிவதுண்டா?" என்று கேட்டார். "உண்டு; அடித்தளங்கள் தெரியும். ஆட்கள் போய்ப் பார்ப்பார்கள்" என்றேன். "எங்கள் வீட்டின் புகைபோக்கி நிற்கிறது. நானும் வருஷத்துக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பேன்" என்றார்.

இந்த வழக்கில் என் கட்சிக்குச் சாதகமான சாட்சியம் ஒன்றை மருமகன் எடுத்துத் தந்தான். உலகத்திலேயே மிகப் பெரிய சிறுவாய்ப் பாஸ், 11 இறாத்தல் 15 அவுன்ஸ் நிறையுள்ளது, 1955 இல் பிடிபட்டது டேல் ஹொலோ என்னும் நீர்த்தேக்கத்திலாம். அணை கட்டி உண்டான நீர்த்தேக்கம்! இடையில் அதன்மேற் சந்தேகம் கிளம்பி அந்தப் பெருமையைப் பறித்து, பிறகு 2005 இல் திருப்பிக் கொடுத்தார்களாம். "மீன் வாழும். ஆனால் அது ஆற்று மீன் அல்ல" என்று மாத்திரம் சொல்லிவிட்டுப் பெரியவர் படுக்கப் போனார்.

பஃபலோ ஆற்றுப் பிரதேசம் 2019 முதல் இருள்வானப் பூங்காவாகச் சர்வதேச அங்கீகாரம் பெற்றது. செயற்கை வெளிச்சம் குறைவு என்பது அதன் பொருள். நெருப்புத் தணிந்ததும் இரு பாறைகளுக்கிடையே பால்வீதி ஆறு போலவே வளைந்து கிடந்தது. மரவிளிம்பில் மின்மினிகள். எங்கோ ஓர் ஆந்தை கேள்வி கேட்பதுபோல விட்டுவிட்டுக் கூவியது. மேற்கே, மிகத் தொலைவில், சத்தமில்லாமல் மின்னியது. எங்கள் தலைக்கு மேலே ஒரு முகிலும் இல்லை.

ஒரு மணியளவில் ரோர்ச் வெளிச்சம் கூடாரத்தில் அசைந்தது. பெரியவர் குச்சியடியில் குந்தியிருந்தார். நானும் சென்று பார்த்தேன். மூன்றாவது வெட்டு நனைந்திருந்தது. அரைமணி கழித்துப் பார்க்க ஆறாவது வெட்டு. ஆற்றின் குரலும் மாறிவிட்டது. முன்பு கல்லோடு பேசிய தண்ணீர் இப்போது கற்களை மூடிக்கொண்டு ஊமையாகப் போயிற்று. "ஏறும் வேகம் கூடுகிறது" என்று நான் சொன்னதுதான் தாமதம், அவர் மருமகனை எழுப்பினார். வள்ளங்களை முதலில், பிறகு கூடாரம், கடைசியிற் சட்டி பானை. வள்ளம் போனால் மலையேறி நடக்க வேண்டியதுதான். மூவருமாக இருட்டில் வழுக்கி வழுக்கி எல்லாவற்றையும் சரளை மேட்டின் பின்னாலுள்ள உயர்ந்த மண் திட்டுக்கு இழுத்துச் சென்று, வள்ளங்களை மரத்தோடு கட்டினோம். நாங்கள் படுத்திருந்த இடத்தை மூன்று மணிக்குத் தண்ணீர் மூடியது. வேரோடு பிடுங்கிய ஒரு மரம் ரோர்ச் வெளிச்சத்தினூடே சப்தமின்றி மிதந்து சென்றது. அதற்குப் பிறகு எவரும் உறங்கவில்லை. பெரியவர் கோப்பி வைத்தார். நான் புதிய குச்சியொன்று நாட்டிப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை வாசித்தேன். இளைப்பாறிய பிறகு அவ்வளவு கவனமாக நான் எதையும் வாசித்ததில்லை.

விடிந்தபோது ஆறு பதினெட்டு அங்குலம் ஏறி நின்றது. நிறம் பால் விட்ட தேநீர். மீன் பிடிக்கும் கதை அத்தோடு முடிந்தது. கலங்கல் நீரில் அந்த மீன் இரையைக் காணாது. மட்டம் இரண்டு மணித்தியாலம் அசையாமல் நின்று, பிறகு ஒரு வெட்டு இறங்கிய பின்னரே பெரியவர் புறப்பட இணங்கினார். முதல்நாள் ஒன்பது மணித்தியாலத்தில் மிதந்த தூரத்தை அன்று நாலு மணித்தியாலத்தில் கடந்தோம். தகப்பன் மீனும் கருங்குஞ்சுகளும் என்னவாயினவோ என்று நான் கேட்டேன். "சில ஆண்டுகளில் எல்லாம் அள்ளுண்டு போகும். சில ஆண்டுகளில் தப்பும். கணக்கு அதற்குள் அடக்கம்" என்றார். முகத்துவாரத்துக்குச் சில மைல் இருக்கையில் துடுப்பால் இருகரையையும் சுட்டி, "லோன் றொக் அணை இந்தப் பக்கத்திலேதான் வரவிருந்தது" என்றார். பள்ளத்தாக்கு ஒடுங்கி, இருபுறமும் பாறை இறுகி நின்றது. பழைய கண்ணால் பார்த்தேன். மறுக்க முடியாது, அருமையான அணைத்தலம்.

நண்பகலுக்குப் பின் ஒரு வளைவைச் சுற்றியதும் காற்றுத் திடீரெனக் குளிர்ந்தது. எதிரே வைற் ஆறு. அதன் மேல் முழங்காலளவு வெண்மூடுபனி படர்ந்திருந்தது, மே மாத வெயிலில்! எங்கள் ஆற்றின் கபிலத் தண்ணீரும் அதன் பச்சைத் தண்ணீரும் கத்தியால் வெட்டியதுபோன்ற ஒரு கோட்டின் இருமருங்கும் கலவாமல் ஓடின. மருமகன் வள்ளத்தை அந்தக் கோட்டின்மேல் பிடித்து நிறுத்தினான். "மாமா, இரண்டு கையையும் விடுங்கோ" என்றான். இடக்கையைப் பஃபலோவிலும் வலக்கையை வைற் ஆற்றிலும் விட்டேன். ஒரு கை முதல்நாள் என் மடியிற் கொட்டிய அதே இளஞ்சூட்டை உணர்ந்தது. மற்றக் கையின் விரல்கள் பத்து நொடிக்குள் விறைத்துப் போயின. வலக்கைத் தண்ணீர் என் தொழில். அதை என் கை அறியும். இடக்கையைத்தான் எடுக்க மனம் வரவில்லை.

எதிர்க்கரையிலுள்ள பஃபலோ சிற்றி இறங்குதுறையில், கூலிக்கு ஒருவர் கொண்டுவந்து விட்டிருந்த எங்கள் மோட்டார் வண்டி நின்றது. சாமான்களை ஏற்றி, வள்ளங்களைக் கூரையில் கட்டி முடித்தோம். பெரியவர் வண்டியின் முன்மூடியில் தம் குறிப்புப் புத்தகத்தை விரித்து, திகதி, மீன் பதினொன்று, கூடு ஒன்று என்று எழுதிக்கொண்டு வந்தவர், பென்சிலை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"ஆறு ஏறியது எவ்வளவு? நீங்கள்தானே வாசித்தீர்கள்?"

"பதினெட்டு அங்குலம். ஐந்து மணிக்கு உச்சம், ஏழேகாலுக்கு இறக்கம்" என்றேன்.

அவர் அதை அப்படியே எழுதி, பக்கத்தில் என் பெயரை எப்படி எழுத்துக்கூட்டுவது என்று கேட்டார்.